முட்டை படாத சட்டி

கிறிஸ்துமஸுக்கு என்ன இனிப்பு செய்வது என்ற பேச்சு, அட்வெந்து முதல் ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியிலேயே எங்கள் வீட்டில் தொடங்கிவிடும். பஸ்ஸில் அம்மா மடியில் தம்பி, ஜன்னலோரம் நான், கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா. வண்டலூர் தாண்டுவதற்குள் அம்மா இரண்டு பலகாரங்களைச் சொல்லி, அதில் ஒன்றை அவளே வேண்டாம் என்றும் சொல்லியிருப்பாள்.

எண்பதுகளின் ஊரப்பாக்கம் அது. ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் வயல், ஏரிக்கரை, மனை போட்டு நட்ட கற்கள். தாம்பரத்தில் வேலை பார்த்த அப்பா, அங்கே வாங்க முடியாத நிலத்தை இங்கே வாங்கி ஓட்டு வீடு கட்டியிருந்தார். அவர் திருநெல்வேலிப் பக்கம். அம்மா செங்கல்பட்டு. எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு எங்களுடையது மட்டும்தான்.

அம்மாவின் கணக்கு அந்தத் தெருவிலிருந்துதான் தொடங்கும். பக்கத்து வீட்டு மாமி முட்டை சேர்த்ததைத் தொடமாட்டார். எதிரே பாய் வீட்டில் ரம்மில் ஊறிய பழம் போட்ட கேக் கூடாது. எங்கள் வீட்டிலும் அது நுழைந்ததில்லை, உலர்திராட்சையை ஆரஞ்சுச் சாற்றில்தான் ஊறவைப்போம். பால் ஊற்றும் ஆயாவுக்குப் பல் கிடையாது. மொறுமொறுப்பாக எதைக் கொடுத்தாலும் பேரப்பிள்ளைகளுக்குப் போய்விடும், அவர் வாயில் போட்டதும் கரைகிற மாதிரி ஒன்று வேண்டும். தெரு முனையில் ஒரு வாத்தியாருக்குச் சர்க்கரை வியாதி, அவருக்குக் காரமுறுக்கு. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்னடா வேணும்?" என்பாள். எனக்கு எப்போதும் கல்கல்.

கல்கலுக்கு மைதாவும் தூள் சர்க்கரையும் கொஞ்சம் நெய்யும் தேங்காய்ப்பாலும் போதும். முட்டை சேர்க்கிறவர்கள் உண்டு, அம்மா சேர்க்கமாட்டாள். மாவைக் கோலிக்குண்டு அளவு கிள்ளி, அதற்கென்றே வாங்கிய புதுச் சீப்பின் பல்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டி எடுத்தால் வரிவரியாகச் சங்கு போல வரும். கோவாவில் குல்குல் என்று செய்வதும் இதுதான். பம்பாய்வரை கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் வந்தால் குடும்பமே சுற்றி உட்கார்ந்து இதை உருட்டுகிறது. அந்த உட்காருதல்தான் எனக்கு வேண்டியிருந்தது. பாய் வீட்டுப் பெண்பிள்ளைகளும் மாமி பேத்தியும் எங்கள் கூடத்துப் பாயில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி சுருட்டினது விரியும், ஒருத்தி சுருட்டினது எண்ணெயில் பிரியும். அம்மா எதையும் ஒதுக்காமல் டின்னில் போடுவாள்.

பொரிப்பதில் அம்மாவுக்கு ஒரு வரிசை உண்டு, அதை அவள் மாற்றியதே இல்லை. முதல் நாள் புது எண்ணெயில் முட்டை படாத கல்கலும் முறுக்கும். அதற்கென்று ஒரு இரும்புச் சட்டி பரணில் இருந்தது, வேறு எதற்கும் இறங்காது. அடுத்த நாள்தான் வேறு சட்டியில் அச்சுமுறுக்கு. அந்த மாவில் முட்டை ஊற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மொறுமொறுப்பு வராது என்பது அவள் முடிவு. அச்சை எண்ணெயிலேயே வைத்துச் சூடாக்கி, மாவில் முக்கால் அளவுக்குத்தான் முக்க வேண்டும். மேலே ஏறி மூடிவிட்டால் அச்சை விட்டுக் கழலாது. அதிரசம் கடைசி, வெல்லம் கசிந்து எண்ணெயைக் கறுப்பாக்கிவிடும் என்பதால்.

ஒரு வருஷம் அத்தை கேட்டாள், "மாமி வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் ரெண்டு ஆப்பிளும் குடுத்தா போதாதா மதினி? எதுக்கு இந்தப் பாடு?" பல வீடுகளில் அப்படித்தான் வழக்கம். அம்மா சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தீபாவளிக்கு அவங்க நமக்குக் கடைப் பழமா குடுத்தாங்க?" என்றாள். மாமிக்கு இந்தத் தனிச் சட்டி விஷயம் தெரியுமா என்று அவள் கவலைப்பட்டதில்லை, போய்ச் சொன்னதுமில்லை. அம்மாவைப் பற்றி நான் யாரிடம் பேசினாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆச்சி வந்த பிறகுதான் வீடு முழுதாகக் கிறிஸ்துமஸுக்குள் போகும். அன்றைக்கு எழும்பூரிலிருந்து தெற்கே ஓடியதெல்லாம் மீட்டர் கேஜ் ரயில். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் வந்து தாம்பரத்தில் விடிகாலை இறங்குவாள். கையில் ஓலைக்கொட்டான், அதற்குள் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்குச் சர்க்கரைப் பாகுதான். வந்த அன்றே சிறுபயற்றை வெறும் சட்டியில் வறுக்க உட்கார்ந்துவிடுவாள். முந்திரிக்கொத்து இல்லாமல் தெற்கத்திக் கிறிஸ்தவ வீட்டில் பண்டிகை நடக்காது.

பயறு சிவந்து மணம் வரும்வரை வறுக்க வேண்டும், அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது. திரித்த மாவில் வறுத்த தேங்காய்த் துருவல், எள், சுக்கு, ஏலக்காய். கருப்பட்டிப் பாகைச் சூட்டோடு ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும்போதே உருண்டை பிடித்துவிட வேண்டும். ஆறினால் உதிரும். ஒரு ராத்திரி உருண்டைகளை உலரவிட்டு, மறுநாள் மஞ்சள்தூள் சேர்த்த பச்சரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக மிதக்கும். "ஏட்டி, கைய நனைச்சுக்கிட்டுப் பிடி, சூடு தெரியாது" என்பாள். சூடு தெரியத்தான் செய்தது. செங்கல்பட்டுப் பக்கத்து மார்கழி ஈரத்தில் முறுக்கு நமுத்துப்போகும், அதிரசம் பூத்துப்போகும், முந்திரிக்கொத்து மட்டும் பொங்கல்வரை நிற்கும். முட்டையும் கிடையாது. அம்மா அதை முதல் தடவை முழுதாகச் செய்து பார்த்த அன்றே, "அத்தை, இது எல்லா வீட்டுக்கும் போகும்" என்று சொல்லிவிட்டாள். மாமியார் பலகாரத்துக்கு மருமகள் கொடுத்த அந்த இடம் ஆச்சிக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை, மறு வருஷம் வந்த கொட்டானின் கனத்தில் பார்த்தோம்.

கேக் வேறு மாதிரியான வேலை. வீட்டில் ஓவன் கிடையாது. மைதா, வெண்ணெய், முட்டை, கருக்கிய சர்க்கரை, ஊறிய பழம் எல்லாவற்றையும் வீட்டிலேயே அடித்துக் கலக்கி, எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, பஸ்ஸில் தாம்பரம் பேக்கரிக்கு எடுத்துப் போவோம். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அவரவர் தட்டில் பேரெழுதிய சீட்டு. கிறிஸ்துமஸ் வாரத்தில் அங்கே நிற்கும் பெண்களின் வரிசையில் எல்லார் தூக்கிலிருந்தும் வெனிலா மணக்கும். தலைச்சேரியில் 1883-இல் மம்பள்ளி பாபு என்பவர், ஆங்கிலேயர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து உள்ளூர்ச் சரக்கை வைத்தே ஒன்று சுட்டுக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய அடுப்பிலிருந்து அந்தத் தாம்பரத்து அடுப்புவரை, கேக் நம்முடையதாக ஆனது இப்படிப்பட்ட கைகளால்தான். பாண்டிச்சேரிக்காரர்கள் ரவையில் விவிகம் என்ற கேக் சுடுவார்கள், இலங்கைத் தமிழர்கள் ரவையும் முந்திரியும் நிறையப் போட்டுச் செய்வார்கள். எனக்கு இவை எல்லாமே பிடிக்கும். பிளம் கேக் ஒன்றுதான் கிறிஸ்துமஸ் இனிப்பு என்று இப்போது கடைகள் பழக்கிவைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மதியப் பந்திக்கு என்ன இனிப்பு என்பதுதான் பெரிய விவாதம். மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை வண்டலூருக்கு மாறி 1985-இல் திறந்ததிலிருந்து, பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் பெருகிப்போனார்கள். காலை ஆராதனை, பிறகு பிள்ளைகளுக்குப் புலி, பிறகு எங்கள் வீட்டுப் பிரியாணி. எத்தனை இலை போட வேண்டியிருக்கும் என்று கடைசிவரை தெரியாது.

பெரம்பூர்ப் பெரியம்மா கேரமல் புட்டிங்தான் வேண்டும் என்பாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோடு பழகி, சர்க்கரையை உருக்கிக் கிண்ணத்தில் ஊற்றி இட்லிப் பானையில் வேகவைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் கிண்ணத்தை ஈர மணலில் புதைத்துக் குளிரவைத்தும் காட்டினாள். நானும் தம்பியும் அவள் கட்சி. ஆச்சியோ, பிரியாணிக்குப் பிறகு குளிர்ந்த பண்டம் வயிற்றுக்கு ஆகாது என்பாள்.

அம்மா எல்லாருடைய பேச்சையும் கேட்டுவிட்டு ஜவ்வரிசி சேர்த்த சேமியாப் பாயசம் என்று முடித்தாள். "புட்டிங்க இத்தன துண்டுதான்னு போட முடியும்க்கா. திடீர்னு பத்துப் பேர் வந்தா பாயசத்துல இன்னும் ரெண்டு லிட்டர் பால் ஊத்திக்கலாம்." பால் கொண்டுவந்த ஆயாவுக்கும் அதே பாயசம், பெரிய டம்ளரில். மாமி வீட்டுக்கு முதல் கொதியிலேயே எடுத்து வைத்தது. பெரியம்மா அன்று சாயங்காலம் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணம் புட்டிங் செய்தாள், அதற்கும் அம்மாவே முட்டை எடுத்துக் கொடுத்தாள்.

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்த பிறகு, தெற்கிலிருந்து வருகிறவர்கள் ஏறக்குறைய எங்கள் வாசலிலேயே இறங்குகிறார்கள். கருப்பட்டி இப்போது அட்டைப்பெட்டியில் வருகிறது. இப்போது நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் மாடிக்கு மாடி வேறு வேறு ஊர்க்காரர்கள். யார் முட்டை சாப்பிடுவார்கள், யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் கைக்குழந்தை என்று நவம்பர் முடிவதற்குள் விசாரித்துவிடுகிறேன். கேக் கடையில் வாங்குகிறேன். அதிரசத்தை விட்டாயிற்று. கல்கலும் பாயசமும் முந்திரிக்கொத்தும் வீட்டில்தான். கருப்பட்டி கிடைக்காதவர்கள் நல்ல வெல்லத்தில் செய்யலாம், தவறில்லை. பயற்றை மட்டும் சிவக்க வறுக்காமல் திரித்துவிட வேண்டாம்.