நிற்கச் சொல்லித்தரும் மாஸ்டர்

எங்கள் அம்பத்தூர்ப் பக்கம் மின்கம்பத்துக்கு மூன்று போர்டு தொங்கும். டூலெட், டியூஷன், அப்புறம் குங்ஃபூ. மூன்றாவது போர்டில் ஒருத்தர் கட்டாயம் அந்தரத்தில் பறந்துகொண்டிருப்பார். அதைப் பார்த்துத்தான் என் தம்பி மகன் போய்ச் சேர்ந்தான். பறக்க விடவில்லை. நிற்க வைத்துவிட்டார்கள்!

மாபு என்று பெயர். சீனத்தில் குதிரை நிலை. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, இல்லாத குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். வேண்டுமானால் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். இரண்டாவது நிமிஷமே தொடை தந்தியடிக்கும்.

"என்ன மாஸ்டர், ஒரு மாசமா பையன் நின்னுக்கிட்டே இருக்கானே?" என்று கேட்டேன்.

"நான் முப்பது வருஷமா நின்னுக்கிட்டிருக்கேன் சார்" என்றார்.

பகலில் தொழிற்பேட்டையில் லேத் வேலை. காலையும் மாலையும் மொட்டை மாடியில் வகுப்பு. சின்ன வயசில் டெக் வாடகைக்கு எடுத்து 'என்டர் தி டிராகன்' பார்த்துப் பைத்தியம் பிடித்தவர். (1973-ல் அந்தப் படம் தியேட்டருக்கு வரும் முன்பே புரூஸ் லீ போய்விட்டார். வயது 32.) குங்ஃபூ என்பது சண்டைக்கு மட்டும் உள்ள பெயர் இல்லையாம். நாள்பட உழைத்துச் சம்பாதித்த எந்தத் திறமைக்கும் சீனர்கள் அப்படிச் சொல்வார்களாம். நல்ல சமையல்காரரிடமும் குங்ஃபூ உண்டு. அப்படிப் பார்த்தால் மாஸ்டரிடம் இரண்டு குங்ஃபூ. லேத்துக்கு மட்டும்தான் சம்பளம்.

பூந்தமல்லி தாண்டி நேராகப் போனால் காஞ்சிபுரம். அங்கிருந்து போன போதிதர்மர்தான் சீனாக்காரனுக்கே இதைக் கற்றுத்தந்தார் என்று நம்மவர்கள் மார்தட்டுவார்கள். 2011-ல் 'ஏழாம் அறிவு' வந்த பிறகு இன்னும் ஜாஸ்தி. ஷாவ்லின் பயிற்சியோடு அவரை முடிச்சுப்போடும் ஏடு 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். மாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"யார் கொண்டுபோனா என்ன சார்? இப்ப யார் வாங்கிக்கிறாங்கன்றதுதான் என் கவலை."

இந்தக் கவலை பெரிய ஆட்களையும் விட்டதில்லை. புரூஸ் லீயின் குரு இப் மேன் 1972 டிசம்பரில் இறந்தார். தொண்டைப் புற்றுநோய். அதற்குச் சில வாரம் முன்புதான், அந்த உடம்போடு எழுந்து நின்று, தன் பயிற்சி முறைகளைச் செய்துகாட்டி 8 மி.மீ. ஃபிலிமில் பதிய வைத்தார். அடுத்தவன் தப்பாகக் கற்றுக்கொண்டுவிடக் கூடாதே!

நம்ம ஊரில் ஷிஹான் ஹுசைனி. அவருடையது கராத்தே, வில்வித்தை. 'புன்னகை மன்னன்', 'பத்ரி' படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர் செய்த தடாலடிகள் எல்லாம் எனக்குப் பிடித்ததில்லை. ஆனால் 2025 மார்ச்சில் ரத்தப் புற்றுநோயோடு படுக்கையில் இருந்தபோதும், பழைய சீடர் பவன் கல்யாண் தன் பயிற்சிக்கூடத்தை வாங்கிக் காப்பாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். எங்களுக்குப் பக்கத்தில், போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரிக்கு உடல்தானமும் அறிவித்தார். மார்ச் 25-ஆம் தேதி போய்விட்டார். கடைசிப் பேச்சிலும் வாத்தியார் வேலைதான்.

எங்கள் மாஸ்டருக்குப் பவன் கல்யாண் யாரும் கிடையாது. பத்தாம் வகுப்பு வந்தால் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடும், பன்னிரண்டில் மீதி. 'பரீட்சை முடிஞ்சதும் வர்றேன் மாஸ்டர்' என்று போனவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள்.

முழுசாகத் தங்கியது ஒரே ஒரு பெண். ஆவடியிலிருந்து லோக்கல் ரயிலில் வருவாள். பன்னிரண்டு வருஷம். கல்லூரி, வேலை, வீட்டில் 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது' எல்லாவற்றையும் தாண்டி வந்தாள். மாஸ்டருக்கு முழங்கால் தேய்ந்துபோனதும் போன மாதம் வகுப்பை அவளிடம் ஒப்படைத்தார். பூஜை, மாலை ஒன்றுமில்லை. வருகைப் பதிவு நோட்டைக் கொடுத்து, "இனிமே நீ பார்த்துக்கம்மா" என்றார்.

அவள் முதல் வேலையாக நோட்டைப் புரட்டினாள். நாற்பது பேரில் ஒன்பது பேர்தான் ஃபீஸ் கட்டியிருந்தார்கள்.

"மாஸ்டர், மீதிப் பேர்?"

"கேட்காதே. நின்னுடுவாங்க."