விளக்குப் பிடித்த கை

புத்தளக் கடற்கரையில், உடப்புக்கு அண்மையில், எம் மாமாவுக்கு ஒரு தென்னந்தோட்டம் இருந்தது. கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் கிண்டிவிடும்; ஆகையால் துவக்கொன்றும் இருந்தது. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டப்படி அதற்கு அனுமதிப்பத்திரமும் வைத்திருந்தார். ஆயினும், காசை மிச்சம்பிடிக்க, சுட்ட தோட்டாக் கோதுகளிலேயே மீண்டும் மருந்தடைப்பது அவர் வழக்கம். உப்புக்காற்றில் கடதாசிக் கோதுகள் ஈரம் உறிஞ்சி ஊதிவிடும். சில குழலில் நுழையா, சில வெடியா. அவற்றைச் சிறு தொல்லைகள் என்றே எண்ணியிருந்தோம்.

ஓரிரவு நாம் குப்பிவிளக்கைப் பிடித்து நின்றோம். அப்போது எமக்கு வயது பத்து.

"மருமகனே, கொஞ்சம் கிட்டக் கொண்டு வா" என்றார். கொண்டு சென்றோம். கரிமருந்துக்கு ஒரு பொறி போதுமே! இமைப்பொழுதில் மாமாவின் புருவங்கள் கருகின. இரு விரல்கள் வெந்தன.

ஓடிவந்த எம் தாயாரிடம், "நான்தான் விளக்கைக் கிட்ட வைத்தேன், அக்கா" என்றார் மாமா. நாம் வாய் திறக்கவில்லை.

வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்தால் காற்றின் துணையின்றியே எரியும் என்று இன்று மாணவர்க்குக் கூறுகின்றோம். "கைபழகியவருக்கு ஆபத்தில்லை, சேர்" என்பார் சிலர். மாமாவும் கைபழகியவரே. அன்று அவர் மிச்சம்பிடித்தது சில ரூபாய். எமக்கு மிஞ்சியதோ சொல்லாத ஓர் உண்மை. அதை இன்று சொல்லிவிட்டோம்.