ஃபாரம் பிரிக்கும் நேரம்

"அண்ணே, 2001 கும்பாபிஷேக மலர்ல உபயதாரர் பட்டியல் போட்டுக் கொடுத்தீங்களே, அது இன்னும் உங்ககிட்ட இருக்கா?"

கோயில் கமிட்டிக்காரர்கள் கடை வாசலில் நின்று இப்படிக் கேட்டபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. எங்கள் தெருப் பிள்ளையாருக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம். 2001-க்குப் பிறகு 2013, அதற்குப் பிறகு 2025. கோயில் அந்தக் கணக்கில் நடக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரும் என்னிடம் பன்னிரண்டு வருஷம் முழுசாக உழைத்ததில்லை.

பம்மலில் 1997-லிருந்து டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் முந்நூறுக்கு மேல் பெயர்கள். பாதிப் பேர் நாகல்கேணி தோல் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தவர்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் கொடுத்தவர்கள். அச்சடித்த மலர்களைக் கமிட்டித் தலைவர் வீட்டில் கட்டி வைத்திருந்தார்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி இருபத்து நாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் கூழாகிவிட்டன. இப்போது அந்த ஆட்களின் பிள்ளைகள், "எங்கப்பா பேரைப் புது மலரிலும் போடுங்க" என்று கேட்கிறார்களாம்.

பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கினோம். விண்டோஸ் 98, பத்து ஜி.பி. டிஸ்க். அதை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. 2013-ல் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு ஃபைல்களை மாற்றும்போது, 'காப்பி' செய்ய வேண்டிய இடத்தில் அவசரப்பட்டு 'கட்' கொடுத்தேன். பாதி வழியில் கரண்ட் போனது. ஐந்து வருஷத்து வேலை அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. ஒரு பெண்ணின் கல்யாணப் பத்திரிகை அதில் இருந்தது. அப்பா கைப்பட எழுதிக் கொடுத்த வாசகம். அவர் காலமான பிறகு அந்தப் பெண் வந்து கேட்டாள். இல்லை என்று சொன்ன நாளை நான் மறக்கவில்லை.

அந்தத் தப்பை நான் செய்திருக்கவே கூடாது. 1978-ல் பல்லாவரத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தவன் நான். ஈய எழுத்து எப்போதும் பற்றாக்குறைதான். ஒரு வேலை முடிந்ததும் கோத்து வைத்த ஃபாரத்தைப் பிரித்து எழுத்துகளைக் கேஸில் போட்டால்தான் அடுத்த வேலை. ஆனால் எங்கள் ஃபோர்மேன் விடமாட்டார். "அச்சான தாளைக் கடைசி வரி வரைக்கும் படிச்சியா? படிச்சிட்டுப் பிரி" என்பார். அதைக் கையால் கற்றவன், கம்ப்யூட்டர் வந்ததும் மறந்துவிட்டேன்.

கடையில் ஒரு தம்பி வேலை செய்கிறான், கல்லூரிப் பையன். ரிச்சி தெருவுக்குப் போய் பழைய ஐ.டி.இ. டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் இணைக்கும் அடாப்டர் வாங்கி வந்தான். தனி பவர் சப்ளையோடு வருவதைத்தான் வாங்கச் சொன்னேன். அந்தப் பெரிய டிஸ்க் சுழல 12 வோல்ட் வேண்டும், யு.எஸ்.பி. கொடுப்பதோ 5 வோல்ட். டிஸ்க் முழுவதும் புது லேப்டாப்புக்கு வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"முடிஞ்சுது சார். பழசை ஃபார்மேட் பண்ணிடவா?"

"கையை எடு தம்பி" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

மலரை வடிவமைத்த பேஜ்மேக்கர் மென்பொருள் லேப்டாப்பில் இல்லை. டிஸ்க்கைத் திரும்பப் பழைய பெட்டியில் பூட்டி, பேஜ்மேக்கரில் மலரைத் திறந்து, எழுத்தை மட்டும் தனி டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்தோம். அதைக் கொண்டுவரப் பென் டிரைவ் உதவவில்லை. விண்டோஸ் 98-க்கு ஒவ்வொரு பென் டிரைவுக்கும் தனி டிரைவர் வேண்டும். மறுபடி டிஸ்க்கைக் கழற்றினோம். ஒருவழியாக லேப்டாப்பில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். தம்பி முகம் வாடிவிட்டது.

திரையில் தெரிந்தது எனக்குப் பழகியதுதான். நாங்கள் தட்டியது பாமினி எழுத்துரு. உள்ளே பதிவானதெல்லாம் ஆங்கில எழுத்தின் எண்கள். எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டியது. போர்வை இல்லாத கம்ப்யூட்டரில் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. அந்நாளில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு எண் வரிசை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்று இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளை அரசு அறிவித்தது. 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது யூனிகோட் எனும் ஒருங்குறியை ஏற்றது. அதற்குள் தமிழ்நாட்டுக் கடைகளில் எத்தனை லட்சம் பக்கங்கள் தட்டி முடித்திருப்போம்! தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கும் இதே பாடுதான். பழைய எழுத்துமுறையில் உள்ளிட்ட இலக்கியங்களைப் பின்னால் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. சம்பளமில்லாமல் அதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் இருக்கிறது. ஒரு சொடுக்கில் பட்டியல் தமிழானது. தம்பி துள்ளினான். "கௌரின்னு ஒரு பேர் இருக்கு, தேடிப் பாரு" என்றேன். தட்டினான். இல்லை என்றது. பெயரோ திரையில் கண்ணெதிரே இருக்கிறது.

விஷயம் இதுதான். பழைய எழுத்துருவில் 'கௌ' என்பது மூன்று தட்டு: ஒற்றைக் கொம்பு, க, ள. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டுவோம். ஒருங்குறியில் 'க' முதலில், ஔகாரக் குறி பிறகு. பழையதில் அந்தக் குறியின் பின்பாதிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே சாவி என்பதால், மென்பொருள் அதைக் 'கெ' என்றும் 'ள' என்றும் இரண்டு எழுத்தாகப் பிரித்துவிட்டது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நாளைக்கு அந்த அம்மாவின் பேரன் தேடினால் அவள் அகப்பட மாட்டாள்.

அதனால் எங்கள் அச்சகத்து வழிக்கே போனோம். டிஸ்க்கைப் பழைய பெட்டியில் மாட்டி, இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்தோம். நான் பழையதைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க, தம்பி புதியதில் விரல் வைத்துக்கொண்டே வந்தான். கடை சாத்திய பிறகு தினம் ஒரு மணி நேரம். முதல் நாள் அவனுக்கு அலுப்பு. இரண்டாம் நாளிலிருந்து, "இவர் யாரு சார்?" என்று கேட்க ஆரம்பித்தான். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் வெடித்தவர், சைக்கிளில் அனகாபுத்தூரிலிருந்து வருவார், இவர் கோயில் மணியைத் தூக்க வந்தவர் என்று ஞாபகம் வந்ததைச் சொன்னேன். சிலரை எனக்கும் தெரியவில்லை. அவர்கள் பெயரை இரண்டு முறை படித்தேன்.

"கௌரி, 11 ரூபாய்" என்று வந்ததும் தம்பி நிறுத்தினான்.

"இவங்க?"

"ஆலை வாசல்ல இட்லி வித்த அம்மா. பதினொரு ரூபாயும் சில்லறையா கொண்டாந்து எண்ணி வச்சாங்க."

அவன் இரண்டு எழுத்தையும் அழித்துவிட்டு, 'கௌ' என்று சரியாகத் தட்டித் தேடிப் பார்த்தான். அகப்பட்டது.

"படிங்க சார்" என்றான். அடுத்த பெயரைப் படித்தேன்.