கசியும் கணு

மார்கழிப் பனிக்கே போர்வை தேடும் தூத்துக்குடிக்காரி நான். 2022ஆம் ஆண்டின் குளிர்காலத்தைக் கனடாவில், டொரான்டோவை அடுத்த மிசிசாகா நகரில், மகள் வீட்டில் கழித்தேன். நவம்பர் பாதிக்குள் தெருவோரத்து மேப்பிள் மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டுக் கோடுகளாய் நின்றன. அவற்றின் நடுவே பைன் மரங்கள் மட்டும் பச்சை மாறாமல் நின்றன. துக்க வீட்டில் அழாமல் நிற்கும் மூத்தவரைப் போல அவை எனக்குத் தோன்றின.

எங்கள் வீட்டிலும் அழாமல் நின்ற துக்கம் ஒன்று இருந்தது. என் கணவர் 2021 மே மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். பெருந்தொற்றின் கடுமையால் அந்த ஆண்டு ஏப்ரல் 22 முதல் இந்தியாவிலிருந்து வரும் நேரடிப் பயணியர் விமானங்களைக் கனடா நிறுத்தியிருந்தது. வந்தால் எப்போது திரும்புவோம் என்று தெரியாத நிலையில், கைக்குழந்தையோடு இருந்த என் மகள் வரவில்லை. தந்தையின் அடக்கத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்தாள். "வந்திருக்கலாமே" என்று நான் ஒரு நாளும் அவளிடம் கேட்டதில்லை. கேளாதிருந்ததையே என் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அங்குள்ள பங்கு மண்டபத்தில், திருவருகைக் காலத்தையொட்டி மரப்பலகையில் வண்ணம் தீட்டும் பயிற்சி நடந்தது. நார்வேயிலும் ஜெர்மானிய நாடுகளிலும் சிற்றூர் மக்கள் தம் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் பூவும் கொடியும் தீட்டி வளர்த்த கலையின் வழிவந்தது அது. மகள் என்னையும் அழைத்துச் சென்றாள். ஆளுக்கொரு பைன் பலகை கிடைத்தது. எங்களுக்குக் கற்பித்தவர் எழுபதைக் கடந்த அம்மையார் ஒருவர்.

பலகையை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடிப்பூச்சுப் பூசி, காய்ந்தபின் குளிர்காலப் பசுமையை அதன்மேல் வரைய வேண்டும். தட்டைத் தூரிகையின் ஒரு முனையில் கரும்பச்சையும் மறுமுனையில் இளம்பச்சையும் தோய்த்து ஒரே இழுப்பில் இழுத்தால், இலையின் நிழற்பக்கமும் ஒளிப்பக்கமும் ஒருங்கே பிறக்கின்றன. பைன் ஊசிகளுக்கு முடிபோன்ற தூரிகை. வண்ணத்தை மை போல நீர்த்து, காம்பிலிருந்து வெளிநோக்கி இழுத்து, நுனியில் கையை எடுத்துவிட வேண்டும். முதலில் இருண்ட ஊசிகள், அவற்றின்மேல் வெளிறியவை, எல்லாவற்றுக்கும் கடைசியில் பனியின் வெண்மை. நான் கொத்துக்கு மூன்று ஊசி வரைந்தேன். அம்மையார் சிரித்து, சன்னலுக்கு வெளியே நின்ற வெண்பைனைக் காட்டினார். ஒண்டாரியோ மாநிலம் 1984இல் தன் மரமாக ஏற்றது அதைத்தான். அதில் கொத்துக்கு ஐந்து ஊசிகள். ஆண்டவரின் ஐந்து காயங்கள் என் நினைவுக்கு வந்தன.

அடுத்து ஹாலி இலை. விளிம்பெல்லாம் முள், நடுவே செம்மணிக் கனிகள். முள்ளில் முள்முடியையும் கனியில் குருதியையும் கண்ட ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துபிறப்பு விழாவிலேயே பாடுகளையும் நினைத்துக்கொண்டார்கள். டேனிய மொழியில் அதன் பெயரே 'கிறிஸ்து முள்' என்பதாம்.

அக்ரிலிக் வண்ணத்தில் எனக்குப் பிடித்த குணம் ஒன்றுண்டு. அது நீரில் கரைத்துத் தீட்டுவது. நீர் ஆவியானதும் நெகிழிப் படலமாக இறுகிவிடும். அதன்பின் நீர் அதைக் கரைப்பதில்லை. ஆகவே பிழை நேர்ந்தால் சிறிது நேரம் பொறுத்து அதன்மேலேயே வேறு வண்ணம் பூசிவிடலாம். மறைப்பது அத்தனை எளிது. என் பலகையில் கிளை முறிந்த இடமாகக் கரிய கணு ஒன்று இருந்தது. கணுவுக்கு முதலில் அரக்குப் பூச வேண்டும் என்று அம்மையார் சொல்லியிருந்தார். காய்வதற்குக் காத்திருக்கப் பொறுமையின்றி, நான் வெள்ளையை இருமுறை பூசி மறைத்துவிட்டேன்.

படத்தை வீட்டில் வெப்பக்காற்று வரும் துளைக்கு மேலே மாட்டினோம். பத்து நாள்களுக்குள் வெண்பனியின் நடுவில் மஞ்சள் கறை தோன்றியது. அதன்மேல் வெள்ளை பூசினேன். இரண்டே நாளில் மீண்டும் வந்தது.

அம்மையாரிடம் பலகையைக் கொண்டுபோனேன். "எத்தனை முறை பூசினாலும் வரும். உள்ளே பிசின் இருக்கிறது. வெப்பம் பட்டால் அது இளகி வெளியே வரும்" என்றார். மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளச் சுரக்கும் மருந்துதான் பிசின். பூச்சியும் பூசணமும் உள்ளே புகாமல் காப்பதும் அதுவே. "அது மரத்தின் குற்றமல்ல. வண்ணத்தைச் சுரண்டி எடுங்கள். கணுவைக் கண்ணால் பாருங்கள். பிறகு அரக்குப் பூசுங்கள்" என்றார். நம் நாட்டுக் காடுகளில் சிறு பூச்சி சுரக்கும் அரக்கு, பனிநாட்டு மரத்தின் காயத்துக்கும் காப்பாகிறது!

டிசம்பர் 4, திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. ஈசாயின் அடிமரத்திலிருந்து தளிர் தோன்றும் என்னும் எசாயாவின் இறைவாக்கு அன்று முதல் வாசகமாக வந்தது. தளிரைக் குறித்து முன்பும் பலமுறை தியானித்திருக்கிறேன். அன்று மட்டும், தளிர் தோன்றும் இடம் வெட்டுப்பட்ட இடம் என்பது மனத்தில் தைத்தது.

பிற்பகலில் மகளும் நானும் பலகையைத் தேய்க்க அமர்ந்தோம். பச்சையும் வெள்ளையும் பொடியாக உதிர்ந்தன. கணு வெளிப்பட்டபோது அவள் கை நின்றது.

"அம்மா, நான் வரலைன்னு உங்களுக்குக் கோபம்தானே?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். பத்து நாளில் கசிந்த வெள்ளைப் பூச்சு கண்முன் கிடந்தது. "ஆமா. கோபம்தான்" என்றேன்.

அவள் அழுதாள், நானும் அழுதேன். திரையில் படம் நின்று நின்று வந்ததையும், தந்தையின் முகத்தை மூடிய நேரத்தில் இணைப்பு அறுந்துபோனதையும் அப்போதுதான் சொன்னாள். ஒன்றரை ஆண்டாக அவள் சுமந்த அந்தச் செய்தியைக் கேட்கவும் நான் இடம் தந்திருக்கவில்லை. என் மௌனம் பெருந்தன்மை அன்று. வெறும் வெள்ளைப் பூச்சு.

இருமுறை அரக்குப் பூசினோம். காயும்வரை காத்திருந்தோம். மீண்டும் பைன் கிளையும் ஹாலியும் தீட்டினோம். அடியில் கொஞ்சம் வெற்றிடம் மிஞ்சியது. மகள் அதில் சின்னஞ்சிறு பச்சைக் கோடுகளை நெருக்கமாக இழுத்தாள். அவள் தந்தை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக் குடிலுக்காகத் தட்டில் கேழ்வரகு விதைப்பார். அந்த முளைகளைத்தான் அவள் வரைந்தாள்.

பசுமை மாறா மரங்களும் இலை உதிர்க்கின்றன. பைனின் ஊசிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் பழுத்து விழுகின்றன. புதியவை முன்பே முளைத்துவிடுவதால் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அழாமல் நிற்கும் மூத்தவரென்று நான் எண்ணிய மரம் ஆண்டுதோறும் உதிர்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது.

உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களை மறைக்கவில்லை. தோமாவுக்கு அவற்றைக் காட்டினார். அந்தப் பலகை இன்றும் மகள் வீட்டில், அதே வெப்பத் துளைக்கு மேலே தொங்குகிறது. கறை இதுவரை வரவில்லை.