மருதம் வறண்டால்

காரைக்காலின் நிலவியலை எழுதப் புகுவோர் இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று அரசுகள் வரைந்தது. மற்றொன்று ஆறுகள் வரைந்தது.

முதலாவது 1739இல் தொடங்குகிறது. தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக் கம்பெனி காரைக்காலைப் பெற்ற ஆண்டு அது. சுற்றுப்புறச் சிற்றூர்கள் பின்னர்ச் சேர்ந்தன. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவுற்றது. பிரெஞ்சுக்காரர் போயினர்; அவர்கள் விட்ட எல்லைக்கோடு போகவில்லை. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் நிலம். கிழக்கே கடல், ஏனைய மூன்று புறமும் தமிழ்நாடு. தலைநகரான புதுச்சேரியோ வடக்கே 130 கிலோமீட்டருக்கு அப்பால். இன்றும் இங்கே 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றுதான் சொல்கிறோம். அந்த ஒரு தொடருக்குள் இரு மரபுகளும் குடியிருக்கின்றன.

இரண்டாவது வரைபடத்துக்கு இக்கோடு தெரியாது. காவிரியின் கிளையான அரசலாறு கும்பகோணம் வழியே வந்து இங்கே கடல் சேர்கிறது. நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜன் ஆறு என்று பிறவும் உண்டு. இவை அனைத்துக்கும் நீர் எல்லைக்கு அப்பாலிருந்தே வரவேண்டும். நடுவர் மன்றம் 2007இல் பங்கிட்ட 740 டி.எம்.சி.யில் புதுச்சேரிக்குக் கிடைத்தது 7. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அந்த ஏழும் காரைக்காலுக்கே உரியது. ஆயினும் கடைமடைக்கு நீர் கடைசியில்தான் வரும். ஆறு மெலிந்தால் முகத்துவாரம் வழியே உப்புநீர் ஏறும், கிணறுகள் உவர்க்கும்.

மருதமும் நெய்தலும் சில கல் தொலைவில் கைகோக்கும் ஊர் இது. திணைப் பாடம் நடத்துகையில் மாணவர் ஒருவர் கேட்டார்: "மருதத்துக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அது எந்தத் திணை, ஐயா?" முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். மருதத்தைப் பற்றி அவ்விடத்தில் இளங்கோ ஒன்றும் சொல்லவில்லை. வயல் வறளக்கூடும் என்பது அவர் கருத்தில் எழவில்லை போலும். மாணவரின் தந்தையோ அவ்வாண்டு குறுவையை விட்டுவிட்டு வானத்தை நம்பியிருந்தார்.

விடை சொல்வதற்கு மாறாக நாம் வகுப்பினருக்கு ஒரு வேலை கொடுத்தோம். தத்தம் வயலுக்கு நீர் தரும் வாய்க்காலின் பெயரையும், அது பிரியும் ஆற்றின் பெயரையும் எழுதிவரச் சொன்னோம். மறுநாள் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது, எல்லைக்கு இப்புறத்து மாணவரும் அப்புறத்து மாணவரும் ஒரே வாய்க்காலின் பெயரை எழுதியிருந்தார்கள்.