வெயிலில் நின்று பார்த்த பிறகு

ஃபேன்ஸி ஸ்டோரில் ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தடவிப் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால், பக்கத்தில் போய்ச் சொல்லிவிடலாமா என்று எனக்கு இருக்கும். புறங்கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தடவ வேண்டிய இடம் தாடையோரம், முகமும் கழுத்தும் சேரும் இடம். மூன்று ஷேடை மூன்று கோடாக இழுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்து, பகல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். எந்தக் கோடு தோலோடு தோலாகக் காணாமல் போகிறதோ, அதுதான் நம்முடையது. அப்போதும் உடனே வாங்கிவிடக் கூடாது. அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். ஃபவுண்டேஷனுக்கு நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடு நிறமிகள். அவை முகத்து எண்ணெயோடும் வியர்வையோடும் கலந்ததும் பல விலை குறைந்த ஃபவுண்டேஷன்கள் ஒரு படி கருத்துவிடும், சில செம்மஞ்சளாக மாறும். தடவியபோது இருந்த நிறம் தாலி கட்டும்போது இருக்காது.

ஆலத்தியூரில் வீட்டு முன்னறையிலேயே பார்லர் வைத்து மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். இது அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம், சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் லாரிகள் ஓடும் சாலை, சித்திரை வைகாசியில் காலை ஒன்பது மணிக்கே சுடும் வெயில். நான் போகும் மண்டபங்களில் பாதிக்கு ஏசி கிடையாது. கோயிலில் கல்யாணம் என்றால் ஓமப் புகையும் சேர்ந்துகொள்ளும். என்னிடம் வரும் பெண்கள் பருத்தி எடுக்கிறவர்கள், முந்திரி உடைக்கிறவர்கள், செவிலியர் படிப்பு முடித்தவர்கள், திருப்பூரில் தையல் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்காக ஊர் திரும்பியவர்கள். வெளிநாட்டு பிராண்டில் ஒரே ஒரு ஃபவுண்டேஷன் வாங்கும் பணத்தில் ஒரு மாத மளிகை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடும் வீடுகள் அவர்களுடையவை. ஆகவே நூறு, இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஃபேன்ஸி ஸ்டோரிலும் மெடிக்கலிலும் கிடைப்பதில் எது நிற்கும், எது வழியும் என்று சோதித்துத் தெரிந்துகொள்வது என் தொழிலில் பாதி.

விலை குறைந்த பொருளின் முதல் குறை அதன் தரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் முதல் குறை ஷேடு. ஒரு கம்பெனி ஆறு ஷேடு போட்டால் நாலு சிவந்த தோலுக்கு, ஒன்று மாநிறத்துக்கு. ஆறாவது எங்கள் ஊர்க் கடைக்கு வந்தே சேராது. நல்ல கருப்பு நிறப் பெண்ணுக்கு அந்த மாநிற ஷேடைப் போட்டால் முகம் சாம்பல் பூத்துப் போகும். அதில் கலந்திருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமிதான் காரணம். இதற்கு மேலே பவுடர் போட்டு மறைக்கப் பார்த்தால் இன்னும் சாம்பல்தான் ஏறும். நான் செய்வது, கிடைக்கும் ஷேடுகளில் அடர்ந்ததோடு துளி செங்கல் நிற லிப்ஸ்டிக்கைக் கலப்பது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால், கன்சீலருக்கு முன்னால் ஆரஞ்சு லிப்ஸ்டிக்கை விரல் நுனியால் மெல்ல ஒற்றிவிடுவேன். நீலம் பாய்ந்த கருமையை ஆரஞ்சு அடக்கும். அதற்கென்று தனியாக விற்கும் கரெக்டரின் வேலையை நூறு ரூபாய் லிப்ஸ்டிக் செய்துவிடும். ஆனால் கண்ணோரம் வைப்பதற்கு முன் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் விட்டு, அரிப்பு தடிப்பு இல்லை என்று பார்த்துக்கொள்வேன்.

கைகளை யாரும் நினைப்பதில்லை. முந்திரிக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் பால் தோலைப் பொசுக்கும். சீசன் முழுக்க உடைத்த விரல்கள் கருத்து உரிந்திருக்கும். முகத்தை மூன்று படி வெளுத்துவிட்டு அந்தக் கையால் மாலை மாற்றச் சொன்னால் ஆல்பத்தில் இரண்டு பேருடைய உடம்பு தெரியும். “பொண்ணு கருப்பா இருக்கா, நல்லா கலரா தூக்கி விடும்மா” என்று தாய்மார் கேட்பார்கள். “அவ கலர்லயே அழகா காட்டுறேன், பாருங்கம்மா” என்பேன். அதில் எனக்குச் சமரசம் இல்லை.

இன்னொன்று நலங்கு. வெளியூர்க்காரர்கள் போடும் மேக்கப் வீடியோக்களில் இதற்குப் பதில் கிடைக்காது. முதல் நாள் மஞ்சள் பூசிக் குளித்த முகம் மறுநாள் முகூர்த்தத்துக்கும் மஞ்சளாகவே இருக்கும். அன்று காலை ஷேடு தேடினால் தப்பான ஷேடுதான் கையில் வரும். ஒரு வாரம் முன்பே, மஞ்சள் படாத முகத்தில் ஷேடைத் தீர்மானித்து, கலவையின் அளவைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மஞ்சள் மிச்சமிருந்தால் கழுத்திலும் காதிலும் அதே கலவையை மெல்லிதாக இழுத்து ஒன்றாக்கிவிடலாம்.

ப்ரைமரும் ஃபவுண்டேஷனும் ஒத்துப்போகுமா என்பதை உள்ளங்கையில் ஒரு துளி இதில், ஒரு துளி அதில் வைத்துக் குழைத்தாலே தெரிந்துவிடும். டைமெத்திகோன் என்ற சிலிகான் அதிகமுள்ள ப்ரைமர் மேல் தண்ணீர் அதிகமுள்ள ஃபவுண்டேஷன் ஒட்டாது. திரிந்த பால் மாதிரி பிரியும். கையில் பிரிந்தால் முகத்திலும் பிரியும். போட்டோகிராபரின் ஃபிளாஷுக்கும் ஒரு சோதனை உண்டு. சன்ஸ்கிரீன் கலந்த பொருள்களில் உள்ள ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும், வெள்ளையாக விற்கும் சிலிகா பவுடரும் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அடிக்கும். படத்தில் முகம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். இருட்டறையில் செல்போன் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டால் போதும். வெயிலில் போகிற பெண்ணுக்கு சன்ஸ்கிரீன் நல்லது. இரவு ரிசப்ஷன் மேடைக்கு அதையே போட வேண்டியதில்லை.

கண்மையில் விலை குறைந்ததே பெரும்பாலும் எனக்குப் போதும். சென்னையின் ஐடெக்ஸ் 1938 முதல் இருக்கிறது. பாட்டி, அம்மா, மகள் என்று ஒரே டப்பாவைத் தெரிந்த வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். வாட்டர்ப்ரூஃப் மை வழிகிறது என்று குறை சொல்கிறவர்களில் பலர் அது காயும்வரை பொறுப்பதில்லை. அதிலுள்ள ஆவியாகும் எண்ணெய் பறந்து போன பிறகுதான் மெழுகுப் படலம் பிடிக்கும். ஒரு நிமிடம் கண்ணைக் கசக்காமல் இருந்தால் விலை குறைந்த வாட்டர்ப்ரூஃப் மை கூடச் சாயங்காலம் வரை தாங்கும். திருவிழாக் கடையில் பெயரில்லாமல் விற்கும் சுர்மாவை மட்டும் தொட மாட்டேன். பல சுர்மாக்களின் கருப்பு, ஈயம் கலந்த கல்லிலிருந்து வருவது.

சோதித்துப் பார்க்கும் வசதியை ஏழை வீட்டுக்குத் தந்தது எங்கள் பக்கத்து மாவட்டம். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்க வழி காட்டினார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவோடு தொடங்கிய தொழில்தான் இன்றைய கெவின்கேர். தலைக்கு ஒத்துவருமா என்று சில்லறைக் காசில் தெரிந்துகொள்ளலாம் என்றானது பெரிய விஷயம். ஃபவுண்டேஷனுக்கும் கன்சீலருக்கும் இன்னும் அப்படி ஒரு பாக்கெட் எங்கள் கடைகளில் பரவலாக இல்லை. போட்டால் எங்கள் பெண்கள் வாங்குவார்கள்.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் அழகுக் கணக்கு. உயிர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. ‘ஏழே நாளில் சிவப்பழகு’ என்று முகவரி இல்லாத டப்பாவில் வரும் கிரீம்கள். 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் கேரளத்தின் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குச் சிறுநீரக வடிகட்டி பழுதாகும் ஒரு நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் தோல் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். காரணம் பாதரசம். அது தோலில் கருமை நிறமி உருவாவதைத் தடுக்கும், அதனால் வெளுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். நம் நாட்டின் 2020 அழகுசாதன விதிகள், கண் பகுதிக்கான பொருளைத் தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன.

மெடிக்கலில் வாங்கும் இன்னொரு வகை, ஸ்டீராய்டு கலந்த களிம்பு. படைக்கும் அரிப்புக்கும் டாக்டர் சில நாளுக்கு எழுதித் தருவதைப் பெண்கள் மாதக்கணக்கில் முகத்துக்குப் பூசுகிறார்கள். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 களிம்பு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டும் கேட்டதும் கிடைக்கும் கடைகள் உண்டு. என் நாற்காலியில் உட்கார்ந்ததும் தெரிந்துவிடும். கன்னத்தில் சிவந்த நூல் நரம்பு, வெயிலில் எரிச்சல், தாடையில் முடி, தோல் காகிதமாக மெலிந்திருக்கும். “என்னம்மா பூசுற, மறைக்காம சொல்லு” என்றால், “பக்கத்து வீட்டு அண்ணி குடுத்ததுக்கா” என்று பதில் வரும். அந்த முகத்துக்கு ப்ளீச்சும் இல்லை, ஃபேஷியலும் இல்லை என்று சொல்லி அரியலூருக்கோ பெரம்பலூருக்கோ தோல் டாக்டரிடம் அனுப்புவேன். ஒரு ஆர்டர் போனாலும் சரி.

இதனால் நான் எந்தப் பொருளை எடுத்தாலும் விலையைப் பார்ப்பதற்கு முன் டப்பாவைத் திருப்புகிறேன். தயாரித்தவர் பெயர், முழு முகவரி, பேட்ச் எண், லைசென்ஸ் எண், காலாவதித் தேதி. வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும். இவை இருந்தால் எண்பது ரூபாய்ப் பொருளையும் நம்பிச் சோதிப்பேன். இல்லையென்றால் எட்டாயிரம் ரூபாய் டப்பாவையும் பெண்ணின் முகத்தருகே கொண்டுபோக மாட்டேன். பெரிய பிராண்டின் பெயரைப் போட்டுப் பாதி விலைக்கு வரும் போலிச் சரக்கும் இந்த எழுத்துகளில்தான் மாட்டும். மை மங்கியிருக்கும், ஊர்ப் பெயரில் எழுத்துப் பிழை இருக்கும், பேட்ச் எண் அட்டையில் ஒன்று டப்பாவில் ஒன்றாக இருக்கும்.

கல்யாணம் வைத்திருக்கும் அம்மாக்களுக்கும் அண்ணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெண்ணை ஒரு வாரம் முன்பாக, உச்சி வெயில் நேரத்தில், பவுடர் கூடப் போடாமல் உங்கள் ஊர் பார்லருக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் அவள் பூசும் கிரீம் எல்லாவற்றையும், பெயர் இல்லாததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.