ஓலை: ஒரு தாள், எட்டுப் பக்கம்

நுழையுமுன்

நம் வீட்டில் தமிழ் ஒலிக்கிறது. ஆனால் அதை எழுதும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் குறைவு. ஒரு கோடை விடுமுறையில் இரு பிள்ளைகள் தமிழில் எழுதத் தொடங்கிய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

கோடை விடுமுறை தொடங்கியதும் கொல்கத்தாவிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குத் தொடர்வண்டி ஏறுவது எங்கள் வீட்டு வழக்கம். தமிழாசிரியனாக நான் இந்நகருக்கு மாற்றலாகி வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு மே மாதத்தையும் என் பிள்ளைகள் தம் ஆச்சியின் வீட்டில்தான் கழித்தனர். சென்ற ஆண்டு அது இயலவில்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள், ஐந்தாம் வகுப்பில் பயிலும் என் மகனுக்கு அம்மை கண்டது. பயணச்சீட்டுகளைத் திரும்பக் கொடுத்தோம். பின்னர் முயன்றபோது இடம் கிடைக்கவில்லை. ஒரு மாதம் முழுவதும் வீட்டிலேயே இருப்பது என்றாயிற்று.

அதனினும் பெரிய கவலை ஒன்று இருந்தது. எண்பது வயதை நெருங்கும் என் தாயாருக்கு இரண்டு ஆண்டுகளாகக் காது கேட்பதில்லை. தொலைபேசியில், “நல்லா இருக்கியளா? சாப்ட்டியளா?” என்று கேட்பார், பேரப்பிள்ளைகள் கூறும் மறுமொழி விளங்காமல், “சரி, சரி” என்று முடித்துவிடுவார். ஆயினும் அவருடைய கண்பார்வை தெளிவாகவே இருந்தது. ஐந்தாம் வகுப்புவரை படித்த அவர் இன்றும் நாளிதழை வரி விடாமல் வாசிப்பார். அவர் அறிந்த எழுத்து தமிழ் ஒன்றே. எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகளோ தமிழை மணிமணியாகப் பேசுவாள். எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் தயங்குவாள். மகனுக்குப் பாதி எழுத்துகளே பழக்கம். ஆச்சியுடன் பேச இனி எழுத்து ஒன்றே வழி என்பதை இருவரும் அந்த மாதத்தில்தான் உணர்ந்தார்கள்.

நீண்ட கடிதம் எழுது என்றால் பிள்ளைகளுக்குக் கை வராது. ஆகவே, “ஒரே தாளில் வாரம் ஓர் இதழ் செய்வோம்” என்றேன். அதைச் செய்யும் முறை எளிது. ஏ4 தாள் ஒன்றை நீளவாக்கில் ஒருமுறை மடித்துப் பிரிக்க வேண்டும். பின் குறுக்கே இருமுறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். தாளைக் குறுக்கே பாதியாக மடித்து, மடிப்பு விளிம்பின் நடுவிலிருந்து அடுத்த மடிப்புக்கோடு வரை மட்டும் கத்தரிக்க வேண்டும். பிறகு பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நடுப்பகுதி வாய் திறக்கும்; எட்டுப் பக்கச் சிறு நூல் ஒன்று உருவாகும். தையலும் பசையும் வேண்டா.

இதழுக்குப் பெயர் வேண்டும் என்றான் மகன். அப்போது இந்நகரத்துக் கதை ஒன்றை அவர்களுக்குச் சொன்னேன். உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி என்னும் எழுத்தாளர் 1913-இல் சிறுவர்களுக்காகச் ‘சந்தேஷ்’ என்னும் இதழைத் தொடங்கினார். அவர் கதை எழுதுவார், படம் வரைவார், அச்சுக்கலையும் அறிந்தவர். வங்கமொழியில் சந்தேஷ் என்பது பாலைத் திரித்துச் செய்யும் இனிப்பின் பெயர். அதற்குச் செய்தி என்றும் பொருள் உண்டு. அவருக்குப்பின் மகன் சுகுமார் ராய் இதழை நடத்தினார். இடையில் நின்றுபோன அதனைப் பேரன் சத்யஜித் ராய் 1961-இல் மீண்டும் தொடங்கினார்.

“தமிழிலும் இப்படி இரண்டு பொருள் தரும் சொல் உண்டா, அப்பா?” என்று கேட்டாள் மகள்.

‘ஓலை’ என்றேன். பனையின் இலையும் ஓலை. அதில் எழுதி அனுப்பிய கடிதமும் ஓலை. நம் முன்னோர் நூல்களைக் காத்ததும் ஓலையில்தான். நெல்லைச் சீமையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூல்களும் சுவடிகளும் இக்கொல்கத்தாவின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. “அப்படியானால் ஆச்சி ஊர் ஓலை இங்கே வந்திருக்கிறது, நம் ஓலை அங்கே போகட்டும்” என்றான் மகன். இதழின் பெயர் அவ்வாறே நிலைத்தது.

காலையில் எழுதுவது, நண்பகல் வெயிலில் வாசிப்பது, மாலையில் திரைப்படமோ வானமோ பார்ப்பது என்று நாள்கள் நகர்ந்தன.

முதல் இதழ் மகனுடையது. தன் உடம்பில் தோன்றிய கொப்புளங்களை எண்ணி நாள்தோறும் குறித்தான். நம்மூரில் அம்மை கண்டால் மாரியம்மனை வேண்டுவர். வங்கத்தில் சீதளா தேவியை வேண்டுவர். இரண்டு ஊரிலும் வேப்பிலை உண்டு என்று எழுதி, ஒரு வேப்பிலைக் கொத்தையும் வரைந்தான். கடைசிப் பக்கத்தில் மகள், மாலையில் திடீரென வானம் கருத்து வீசும் ‘கால்பைசாகி’ என்னும் காற்றைப் பற்றி எழுதினாள். நமக்குச் சித்திரையாகிய மாதம் வங்காளிகளுக்கு வைசாகம். அம்மாதத்துப் புயற்காற்றாதலால் அப்பெயர் என்று விளக்கினாள்.

இரண்டாம் வாரம் சத்யஜித் ராயின் ‘கூப்பி காயின் பாகா பாயின்’ என்னும் திரைப்படத்தை வீட்டில் பார்த்தோம். உபேந்திரகிஷோர் சந்தேஷில் எழுதிய கதையைப் பேரன் 1969-இல் படமாக்கினார். ஊரார் துரத்திய பாடகன் ஒருவனுக்கும் மத்தளக்காரன் ஒருவனுக்கும் பேய்களின் அரசன் மூன்று வரங்கள் தருகிறான்: வேண்டும்போது உணவும் உடையும், நினைத்த இடத்திற்குக் கொண்டுசெல்லும் காலணிகள், கேட்போரை அசையாமல் நிறுத்தும் இசை. “எனக்கு மூன்று வரம் கிடைத்தால்” என்னும் பக்கத்தில் மகன் ஒரே வரத்தை மூன்று முறை எழுதினான்: ஆச்சி வீட்டிற்குப் போகும் காலணி.

மூன்றாம் வாரம் மகன் உடல்நலம் தேறினான். அடுத்த வீட்டு வங்காளிச் சிறுவனும் எங்களோடு அமர்ந்தான். “எங்கள் மொழியில் க வரிசையில் நான்கு எழுத்துகள் உள்ளன. உங்களுக்கு ஒன்றே இருக்கையில் எப்படிப் பிரித்துப் படிப்பீர்கள்?” என்று கேட்டான். மகள் சற்றுச் சிந்தித்து, ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்று எழுதிப் படித்துக் காட்டினாள். எழுத்து ஒன்றே, அது நிற்கும் இடம் ஒலியை மாற்றுகிறது. அவ்விளக்கம் இதழில் ஒரு பக்கமாயிற்று.

அவ்வாரம் நாங்கள் வாசித்தவை கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த அவர், கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களுக்கு ஓர் அகராதியும் தொகுத்தவர். அதைக் கேட்டதும் மகள் ‘ஆச்சி அகராதி’ எழுதத் தொடங்கினாள். சுளவு: முறம். தார்சா: வீட்டின் முன்கூடம். பைய: மெதுவாக. வெஞ்சனம்: சாம்பார். நினைவில் இருந்தவை பதினொரு சொற்களே. “இவற்றை நம் வீட்டில் ஆச்சியைத் தவிர யாரும் சொல்வதில்லையே” என்றாள். அதன்பின் நெடுநேரம் அவள் ஒன்றும் எழுதவில்லை.

நான்காம் இதழில் இரண்டு பக்கங்களை அவள் வெறுமையாக விட்டாள். ‘இவை ஆச்சி எழுத வேண்டிய பக்கங்கள்’ என்று மேலே குறித்து, எங்கள் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையையும் சேர்த்து அனுப்பினாள். எந்த இதழிலும் நான் பிழை திருத்தவில்லை. அது பிள்ளைகள் ஆச்சிக்கு எழுதியது, தேர்வுத்தாள் அன்று.

இதழ் என்றால் ஆயிரக்கணக்கில் அச்சாக வேண்டும் என்பதில்லை. சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ சிற்றிதழே. புதுக்கவிதை வளர்ந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. கொல்கத்தாவின் டேமர் சந்தில் சந்தீப் தத்தா என்னும் ஆசிரியர் 1978-இல் சிற்றிதழ்களுக்கென்றே ஒரு நூலகம் அமைத்தார். சிறு இதழையும் பேணி வைக்க ஒருவர் இருந்தால் அது நிலைத்துவிடும். எங்கள் ஓலைக்கு இருந்த வாசகர் ஒருவரே. அவருக்காகவே அது எழுதப்பட்டது.

பள்ளி திறந்து இரண்டு வாரங்கள் ஆன பின்னர் உறை திரும்பி வந்தது. இரு பக்கங்களும் நிறைந்திருந்தன. நடுங்கிய கை, ஆயினும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவு. என் பிள்ளைகள் தம் ஆச்சியின் கையெழுத்தைக் கண்டது அதுவே முதன்முறை. ‘பள்ளி திறக்க இன்னும் பத்து நாள்’ என்று எழுத எண்ணிய மகள், ‘பல்லி திறக்க’ என்று எழுதியிருந்தாள். “உங்க ஊர்ல பல்லியக்கூடவா தெறப்பாக?” என்று ஆச்சி கேட்டிருந்தார். வெஞ்சனம் என்பது சாம்பார் அன்று, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி என்று திருத்தியிருந்தார். பதினொரு சொற்களுக்குக் கீழே மேலும் பத்தொன்பது சொற்கள் இருந்தன. இறுதியில், “அடுத்த ஓலை எப்ப வரும்?” என்று ஒரு வரி.

அந்த இரு பக்கங்களையும் மகன் எழுத்துக் கூட்டித் தானே வாசித்தான். முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. எவரும் அவனுக்கு உதவவில்லை; அவனும் உதவி கேட்கவில்லை.

மாணவர்களே, டில்லியிலோ மும்பையிலோ நாகபுரியிலோ இப்பாடத்தைப் படிக்கும் உங்களுக்கும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர் எங்கேனும் இருக்கக்கூடும். அவர் தாத்தாவாகவோ அத்தையாகவோ இருக்கலாம். தமிழ் எழுதக் கற்பது மதிப்பெண்ணுக்காக என்று நினைக்க வேண்டா. உங்கள் எழுத்தை எதிர்நோக்கி ஒருவர் இருக்கிறார்; அவர் எழுதினால் அதைப் படிக்க நீங்கள் இருக்க வேண்டும்.

எண்ணி எழுதுக

1. பிள்ளைகள் தம் இதழுக்கு ‘ஓலை’ எனப் பெயரிட்டது ஏன்?
2. ‘ஆச்சி அகராதி’ எழுதும்போது மகள் நெடுநேரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் யாதாக இருக்கும்?
3. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மட்டும் வழங்கும் ஐந்து சொற்களைக் கேட்டறிந்து, பொருளுடன் எழுதுக.
4. ஒரு தாளை மடித்து எட்டுப் பக்க இதழ் ஒன்று செய்க. அதில் இரு பக்கங்களை வெறுமையாக விட்டு, ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்புக.